சிரிப்பும் சம்மட்டியும்

மக்கள் உள்ளத்தில் தோன்றும் உணர்ச்சிகளை எட்டு மெய்ப்பாடுகளாக வகுத்த தொல்காப்பியர், நகை என்னும் சிரிப்பையே முதலில் வைத்தார். அழுகையும் அச்சமும் வெகுளியும் அதன் பின்னரே வந்தன. நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று கூறிய அவர், அவற்றுள் எள்ளலை முதலாவதாக எண்ணினார். பிழையைக் கண்டு எள்ளி நகைப்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. அஃது ஓர் ஆற்றல்.

அவ்வாற்றலைப் படைக்கலங்களின் நடுவே நின்று காட்டியவர் ஒளவையார். அதியமானுக்கும் தொண்டைமானுக்கும் பகை மூண்டபோது அவர் தூது சென்றார். தன் படைவலியைக் காட்ட விரும்பிய தொண்டைமான், அவரைப் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்றான். அங்கே வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்று மின்னிக்கொண்டிருந்தன. ஒளவையார் அவற்றைப் புகழ்ந்தார். அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று வருந்துவார்போல் கூறினார். புறநானூற்றில் உள்ள இச்செய்தியைக் கற்போர், புகழ்ச்சிக்குள் இகழ்ச்சி ஒளிந்திருப்பதை உணர்வர். போரே காணாத வேலன்றோ புதுமை குன்றாமல் இருக்கும்! ஒளவையார் ஒரு வேலையும் முறிக்கவில்லை, ஒருவரையும் வையவில்லை. ஆயினும், தொண்டைமானின் செருக்கு அங்கேயே முறிந்தது.

படைக்கலம் மட்டுமன்று, மனிதன் படைத்த கருவி எதுவும் நன்மைக்கும் பயன்படலாம், தீமைக்கும் பயன்படலாம். நூற்கும் பொறி ஊருக்கு ஆடை தரும். சாயமிடும் பட்டறை ஊர்க் கிணற்றைக் கெடுக்கவும் கூடும். தீங்கு செய்யும் தொழில்முறையை மக்கள் எவ்வாறு எதிர்ப்பது? சம்மட்டி எடுத்துப் பொறியை உடைப்பது ஒரு வழி. தீங்கை எள்ளி, ஊரறியச் செய்து, திருத்தத்தை நாடுவது மற்றொரு வழி. இவ்விரண்டனுள் எது பயன்தரும் என்பதைப் பின்னலாடைத் தொழிலின் வரலாறே கூறும்.

திருப்பூரில் இன்று ஓடும் பின்னல் இயந்திரங்களுக்கு ஒரு மூதாதை உண்டு. 1589-ஆம் ஆண்டு, இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரை அடுத்த கால்வர்ட்டன் என்னும் சிற்றூரில், வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் பொறி ஒன்றை அமைத்தார். அதனைக்கொண்டு பல தலைமுறையினர் பிழைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தொழிலுக்குக் கேடு வந்தது. முதலாளிகள் சிலர், அகன்ற பொறிகளில் துணியைப் பின்னி, அதனை வெட்டித் தைத்து, மலிவான காலுறைகளை விற்கத் தொடங்கினர். அவை விரைவில் தையல் விட்டன. அதனால் நல்ல காலுறைக்கும் பெயர் கெட்டது. திறமையுள்ள தொழிலாளியின் கூலியும் குறைந்தது.

1811-ஆம் ஆண்டு நாட்டிங்காம் பகுதித் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுடைய கிளர்ச்சியில் நகைச்சுவை இல்லாமல் இல்லை. 'தளபதி லட்' என்று ஒரு தலைவரை அவர்கள் கற்பனையில் படைத்தனர். ராபின் ஹூட்டின் கதைகளால் புகழ்பெற்ற ஷெர்வுட் காட்டில் அவருடைய அலுவலகம் இருப்பதாகக் காட்டி, அவர் பெயரால் முதலாளிகளுக்குக் கடிதங்கள் விடுத்தனர். இல்லாத தளபதியை எங்கே தேடிப் பிடிப்பது? 1812-ஆம் ஆண்டு ஸ்டாக்போர்ட் நகரில், பெண்ணுடை அணிந்த ஆடவர் இருவர், தாங்களே தளபதி லட்டின் மனைவியர் என்று கூறிக்கொண்டு கூட்டத்தின் முன்னே சென்றனர். யார்க்ஷயர் பகுதித் தொழிலாளர், தம் சம்மட்டிக்கு 'ஏனோக்' என்று பெயரிட்டனர். ஏனெனில், அவர்கள் வெறுத்த பொறிகளைச் செய்த கொல்லர் பெயரும் ஏனோக். சம்மட்டியைச் செய்தவரும் அவரே.

ஆனால், நகைச்சுவையோடு நில்லாமல் சம்மட்டி மேலெழுந்தது. பொறிகள் பல நொறுங்கின. ஆலை முதலாளி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பொறியை உடைப்போர்க்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் 1812-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. பிரபுக்கள் சபையில் கவிஞர் பைரன் எள்ளல் நிறைந்த உரையாற்றி அச்சட்டத்தை எதிர்த்தும் பயனில்லை. 1813-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் யார்க் நகரில் 17 பேர் தூக்கிலிடப்பட்டனர்.

அவர்கள் பொறி அனைத்தையும் பகைத்தவர் அல்லர். பொறியைக்கொண்டு செய்த வஞ்சகத்தையே பகைத்தவர். ஆயினும், உடைந்த பொறியின் ஓசையில் அவர்களுடைய நியாயம் கேளாமற் போயிற்று. புதுமை எதனையும் வெறுக்கும் மூடரைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்றும் 'லட்டைட்' என்னும் சொல் வழங்குகிறது. உயிரை இழந்ததோடு நற்பெயரையும் இழப்பது எத்துணைக் கொடிது! சம்மட்டி செய்த கேடு இதுவே.

சம்மட்டி ஏந்தாத எள்ளல் எத்தகையது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், இராசாசி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டனர். அப்போது தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்தவர் தார்ன் என்னும் ஆங்கிலேயர். தொண்டர்க்கு உணவோ உறையுளோ தருவோர் தண்டிக்கப்படுவர் என்று அவர் ஆணையிட்டார். ஊர் மக்கள் ஆணையை எதிர்த்துக் கூச்சலிடவில்லை. தொண்டர் வரும் வழியில் இருந்த மரக்கிளைகளில் உணவுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டனர். உணவு அளித்தது யார்? சாலையோரத்து மரம். மரத்தைச் சிறையில் அடைக்க எந்த ஆட்சியிலும் சட்டம் இல்லை! ஆணையிட்டவரின் அதிகாரம் நகைப்புக்கு இடமாயிற்று. அதற்காக மக்கள் எவரையும் தாக்கவில்லை. ஏப்ரல் 28-ஆம் நாள் தொண்டர் வேதாரணியம் சேர்ந்தனர். உப்பெடுத்த தலைவரைச் சிறைப்படுத்த அரசாங்கத்தால் இயன்றதேயன்றி, மக்களின் சிரிப்பைச் சிறைப்படுத்த இயலவில்லை.

இது பழங்கதை, நச்சுப்பொருளும் பெருநிறுவனமும் எதிர்நிற்கும் இக்காலத்துக்கு இது பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். அவர்க்கு விடை கோடைக்கானலில் உண்டு. அம்மலை நகரில் 1983-ஆம் ஆண்டு வெப்பமானி செய்யும் ஆலை ஒன்று தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து இயந்திரங்களோடு பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட ஆலை அது. பின்னர் அஃது இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. வெப்பமானிக்கு உயிரான பாதரசம், மனித உடம்புக்கு நஞ்சு. ஆவியாகி மூச்சில் கலப்பது. நீரில் சேர்ந்தால் மீன் வழியாக மனிதரை அடைவது. 2001-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு 7 டன்னுக்கு மேல் ஊரின் பழைய பொருட்கடை ஒன்றில் கிடப்பதை மக்கள் கண்டறிந்து வெளிப்படுத்தினர். ஆலை மூடப்பட்டது. தம் உடல்நலம் கெட்டதென்று தொழிலாளர் பலர் முறையிட்டனர். ஆலைப்பணியால் எவர்க்கும் நோய் வரவில்லை என்று நிறுவனம் மறுத்துவந்தது. ஆண்டுகள் பல கடந்தன, வழக்கு நீண்டது, உலகம் அதனை மறந்துகொண்டிருந்தது.

2015-ஆம் ஆண்டு சூலைத் திங்களின் இறுதியில், சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப் என்னும் இளம்பாடகி, விரைந்து சொல்லடுக்கிப் பாடும் 'ராப்' முறையில் ஒரு பாடலை வெளியிட்டார். அமெரிக்கப் பாடகி ஒருவரின் புகழ்பெற்ற ஆடற்பாட்டின் மெட்டையே அவர் எடுத்துக்கொண்டார். கேளிக்கைக்கு உரிய மெட்டில் நச்சுக்கழிவின் கதை ஒலித்தது. இழப்பை ஈடுசெய்யும்வரை கோடைக்கானல் பின்வாங்காது என்பதே அதன் கருத்து. சில நாட்களில் பல இலட்சம் மக்கள் அதனைக் கண்டனர். அம்மெட்டுக்கு உரிய அமெரிக்கப் பாடகியும் அதனைப் பிறர்க்குப் பரப்பினார். பதினான்கு ஆண்டு விண்ணப்பங்களைக் கேளாத செவிகள், ஒரு சிறு பாட்டைக் கேட்டன. 2016-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், முன்னாள் தொழிலாளர் 591 பேரோடு நிறுவனம் உடன்படிக்கை செய்துகொண்டது.

இவ்வெற்றியைப் பாட்டு ஒன்றே தந்தது என்று கூறுதல் பிழையாகும். கழிவை எடைபோட்டுக் காட்டியோர், நீதிமன்றப் படிகளில் காத்திருந்தோர், நோயோடு போராடியோர் ஆகிய அனைவருடைய உழைப்பும் அடித்தளமாக இருந்தது. கட்டிய விறகு காய்ந்திருந்தது. பாட்டு பொறி வைத்தது. மேலும், வெற்றி முழுமையும் அன்று. ஆலை மண்ணை எந்த அளவுக்குத் தூய்மை செய்ய வேண்டும் என்னும் வாதம் பின்னரும் நீடித்தது. 2018-ஆம் ஆண்டு அது குறித்து மற்றொரு பாடல் வெளிவந்தது. கருநாடக இசைக் கலைஞர் டி. எம். கிருஷ்ணாவும் அதில் பாடினார். சிரிப்பு கதவைத் தட்டும். கதவு திறந்தபின் உள்ளே சென்று பேசுவதற்கு உண்மையும் சான்றும் வேண்டும்.

இனி, பின்னலாடையின் தலைநகராகிய திருப்பூரை நோக்குவோர்க்கு நொய்யல் தோன்றும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு அது. காஞ்சிமாநதி என்று முன்னோர் போற்றியதும் அதுவே. அதன் கரையில் பருத்தித் துணி வெளுக்கப்பட்டது, சாயமிடப்பட்டது. பருத்தி இழையில் சாயம் நன்கு பற்றுவதற்கு உப்பு மிகுதியாக வேண்டும். சாயம் துணியில் தங்கும். உப்போ கழிவுநீரோடு வெளியேறும். நிறத்தை நீக்கினாலும் கரைந்த உப்பு நீங்காது. ஆதலின், கண்ணுக்குத் தெளிந்ததாகத் தோன்றும் நீரும் பயிரைக் கருக்கிவிடும். வேதாரணியத்தில் விடுதலைக்குச் சின்னமான உப்பு, நொய்யற்கரையில் நிலத்துக்குப் பகையாயிற்று.

ஈரோடு, கரூர் மாவட்ட நிலங்களுக்குப் பாசனம் தருவதற்காக, 1990-களின் தொடக்கத்தில் சென்னிமலைக்கு அண்மையில் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. அணையில் தேங்கியது சாயக்கழிவு. நீரைத் திறந்துவிடுக என்று வேண்டுவது உழவர் இயல்பு. இங்கோ, அணையில் நீரைத் தேக்க வேண்டா என்று உழவரே வேண்டினர்! எந்தக் கட்டியங்காரனும் கூத்து மேடையில் இதனினும் கூரிய எள்ளலைக் கற்பனை செய்தல் அரிது. நீருக்காகக் கட்டிய அணையை நீரின்றி வைத்திருக்க வேண்டும் என்னும் அவ்வேண்டுகோளே, ஆயிரம் சொற்பொழிவுக்கு ஈடாக நிலைமையை விளக்கிற்று.

அவ்வுழவர் சாயப்பட்டறைகளின் மேல் சம்மட்டியை ஓங்கவில்லை. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் 2003-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தை நாடிற்று. 2006-ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. 2009-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. கழிவு ஒரு துளியும் வெளியேறாத முறையை அமைத்தல் வேண்டும் என்பது கட்டளை. அது நிறைவேறாமையால், 2011-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. பின்னர், கழிவுநீரைச் சவ்வின் வழியே வடித்து, எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி, உப்பையும் நீரையும் மீண்டும் பயன்படுத்தும் நிலையங்கள் நிறைவுற நிறைவுறப் பட்டறைகள் திறந்தன. தீங்கு செய்த தொழில்நுட்பத்துக்கு மாற்று, மேலும் சிறந்த தொழில்நுட்பமாகவே அமைந்தது. பொறியை உடைத்தவர்க்குக் கிட்டாத பயன் இது.

எனினும், பட்டறைகள் மூடியிருந்த நாட்களில் கூலி இழந்து வாடியவர் யார்? சாயத் தொட்டியின் அருகில் நின்று உழைத்த எளிய தொழிலாளரே. இதனை எதிர்ப்போர் என்றும் மறத்தல் ஆகாது. எள்ளலின் அம்பு தீங்கான முறையின் மேலும், அதனைக் காணாததுபோல் நடிக்கும் அதிகாரத்தின் மேலும் பாய வேண்டும். வயிற்றுக்காக அங்கே உழைப்பவர்மேல் பாயக் கூடாது. கறைபடிந்த கைகளைப் பார்த்துச் சிரிப்பவர், நாகரிகம் அறியாதவர்.

மற்றொரு நிகழ்ச்சியும் எண்ணத்தக்கது. 2017-ஆம் ஆண்டு நொய்யலில் வெண்ணுரை மலைபோல் பொங்கிற்று. அப்போது சுற்றுச்சூழல் துறை அமைச்சராக இருந்தவர், மக்கள் சோப்புப் போட்டுக் குளித்ததால் எழுந்த நுரை அது என்று கூறினார். நாடெங்கும் சிரிப்பு எழுந்தது, கேலிப்படங்கள் பரவின. சாயக்கழிவைப் பற்றிய கேள்விக்கு அவ்விடை போதாது என்பது உண்மையே. ஆனால், சிரித்தவர் அறிய வேண்டிய உண்மை மற்றொன்றும் இருந்தது. நகரத்து வீடுகளிலிருந்து தூய்மை செய்யப்படாமல் ஆற்றில் விழும் சாக்கடை நீரிலும் நுரை எழுப்பும் பொருள் உண்டு. சிரித்தவர் வீட்டுச் சோப்பும் அந்நுரையில் கலந்தே இருந்தது! சில நாள் சிரித்துவிட்டு ஊர் வேறு செய்திக்குச் சென்றது. ஆற்றுக்கு அதனால் விளைந்த நன்மை யாது? பிறரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அச்சிரிப்பில் தன் பிழையையும் சேர்த்துக்கொள்வது அரிது. அரிதானதே பயன் தருவது.

துன்பத்தைச் சிரிப்புக்கு உரியதாக்குதல் தகுமோ என்று வினவுவாரும் உளர். அவர் வினவுதல் முறையே. பயிர் கருகிய உழவனையும், நோயுற்ற தொழிலாளியையும் பார்த்துச் சிரிப்பது கொடுமை. ஆயின், பாதரசத்தால் தீங்கில்லை என்னும் கூற்றையும், உப்பங்கழியாய் மாறிய ஆற்றைத் தூயது என்னும் அறிக்கையையும் பார்த்துச் சிரிப்பது கொடுமை அன்று. முன்னது துன்பத்தை எள்ளுவது. பின்னது பொய்யை எள்ளுவது. ஒளவையார் எள்ளியது வீரரையன்று, வீண் செருக்கையே. இவ்வேறுபாட்டை அறியாத நகைச்சுவை, கையில் கிடைத்த மற்றொரு சம்மட்டியே ஆகும்.

நல்ல எள்ளலுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. அது எதிரிக்குத் திரும்பிவர ஒரு வழியைத் திறந்துவைக்கும். வெளிநாட்டார் அடுத்த ஆண்டு எந்நிற ஆடையை விரும்புவர் என்பதை நொய்யல் நீரைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம் என்று ஒருவர் கூறினால், கேட்கும் பட்டறை உரிமையாளரும் தம்மை அறியாமல் நகைப்பார். நகைத்த வாய் வைதற்கு விரைவதில்லை. நகைத்தபின் சிந்திப்பார், அவருடைய பிள்ளையும் அதே ஊர் நீரைக் குடிப்பதை நினைப்பார். சினந்து கூறியிருப்பின், அவர் வாயிற்கதவைத் தாழிட்டுக்கொண்டு வழக்கறிஞரை அழைத்திருப்பார். அடித்தவனை நினைத்துப் பகைகொள்ளும் உள்ளம், தன் பிழையைத் தானே கண்டு சிரித்தபின் பகைகொள்ள நாணுகிறது.

சிரிப்பவர்க்கு அஞ்சாமையும் வேண்டும். அடி விழும்போதும் திருப்பி அடியாத உறுதி இல்லையெனில், எள்ளல் கலகமாய் முடியும். அவ்வுறுதிக்குத் திருப்பூர் வேற்றூரைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. 1932-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அவ்வூர் வீதியில் தடியடி பட்டு வீழ்ந்தபோதும் கொடியை விடாது பற்றி நின்றவர் குமரன். அவர் கையில் கொடி இருந்தது, தடி இல்லை. அவர் பிறந்த ஊர் சென்னிமலை. உழவர் நீர் வேண்டா என்று வேண்டிய ஒரத்துப்பாளையம் அணையும் அச்சென்னிமலைக்கு அண்மையிலேயே உள்ளது.

நாட்டிங்காம் தொழிலாளர்க்கு நகைச்சுவை தெரிந்திருந்தது. அதனோடு நில்லாமல் சம்மட்டி எடுத்ததால், அவர்களுடைய நியாயம் புதைந்தது. வேதாரணிய வழியில் மக்கள் மரக்கிளையில் சோற்றைக் கட்டினர். ஓர் ஆணை தோற்றது. கோடைக்கானலுக்காக ஒரு பெண் பாடினார், செவிகள் திறந்தன. இனியும் புதிய புதிய பொறிகள் வரும். அவற்றால் நன்மையும் வரும். அறியாத தீமையும் வரும். அத்தீமையை முதலில் கண்டறிபவர் ஆற்றங்கரையில் வாழ்பவராகவே இருப்பர். அவர் கையில் சான்றும், நெஞ்சில் அருளும், நாவில் நகையும் இருக்குமாயின் சம்மட்டிக்கு வேலை இராது. நொய்யலும் என்றேனும் ஒரு நாள் எந்நிறமும் இல்லாத நீரோடு காவிரியைச் சென்று சேரும்.